தம்புசாமி வழிமொழிகிறார்

போர்ட் கிள்ளானில் தம்புசாமி எங்கே இருக்கிறார் என்று கேட்டால், "எந்தத் தம்புசாமி? வழிமொழியிறவரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். துறைமுகத்தில் அவருக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. கொடவுனுக்குள் ஆள் நுழைய முடியாத சந்துகளில்கூடச் சரக்கைச் சேதமில்லாமல் கொண்டுபோய் வைப்பார். அந்தப் பெயர் கொடவுனுக்கு வெளியே எடுபடவில்லை. வெளியே அவர் வழிமொழிகிறவர். தொழிற்சங்கக் கூட்டமோ, கோயில் கூட்டமோ, கட்சிக் கிளைக் கூட்டமோ, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டமோ, யாராவது எழுந்து ஒரு பெயரையோ தீர்மானத்தையோ முன்மொழிந்ததும் பின்வரிசையில் ஒரு கை உயரும். "வழிமொழிகிறேன்" என்று ஒரு குரல் வரும். அந்தக் கையும் குரலும் தம்புசாமியுடையவை.

அது தொடங்கிய கதை அவருக்கு மட்டும்தான் தெரியும். எழுபத்து மூன்றாம் ஆண்டில் ஒரு சங்கக் கூட்டம். யாரோ ஒருவரைச் செயலாளராக முன்மொழிந்துவிட்டு எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்புசாமிக்கு அன்று பிற்பகல் வேலை. நேரமாகிறதே என்று நைசாக எழுந்தார். மேடையில் இருந்தவர் உடனே அவரைக் கைநீட்டி, "தோழர் தம்புசாமி வழிமொழிகிறார்" என்று சொல்லிவிட்டார். கைதட்டல் எழுந்தது. நான் வேலைக்குப் போகத்தான் எழுந்தேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. திரும்ப உட்கார்ந்தார். அன்று வேலைக்குத் தாமதமாகப் போய் மேற்பார்வை மண்டோரிடம் திட்டும் வாங்கினார். ஆனால் புறப்படும்போது புதுச் செயலாளர் வாசல்வரை வந்து அவர் தோளில் கைபோட்டு, "நீங்க நம்ம ஆளுண்ணே" என்றார். ரப்பர் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த பிறகு அவரை அப்படி யாரும் சொன்னதில்லை.

அதன் பிறகு அவர் பலருக்கு நம்ம ஆளாக இருந்தார். கடைசியில் ராதாகிருஷ்ணனின் ஆளாக நிலைத்தார். ராதாகிருஷ்ணன் லோரி வைத்துக் கான்ட்ராக்ட் எடுப்பவர். ஆளுங்கட்சியின் கிளைத் தலைவர், முனீஸ்வரன் கோயில் தலைவர், தமிழ்ப்பள்ளி வாரியத்திலும் ஒரு நாற்காலி. கூட்டத்துக்கு முதல் நாள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலேயே, "நாளைக்குக் கொஞ்சம் முன்னாடி வந்துருங்கண்ணே" என்பார். அவ்வளவுதான். எதை வழிமொழிய வேண்டும் என்று அவர் சொன்னதும் இல்லை, இவர் கேட்டதும் இல்லை.

அதற்குப் பதிலாகக் கிடைத்தது என்ன என்று யாராவது கேட்டால் தம்புசாமியால் விரல்விட்டு எண்ணிச் சொல்ல முடியாது. ஒரு சொல்தான் கிடைத்தது. மகள் சந்திரகலா படித்து முடித்துத் தற்காலிக ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தபோது ராதாகிருஷ்ணன், "நான் ஒரு வார்த்த சொல்லி வச்சேண்ணே" என்றார். வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தபோதும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்கும் குழாய் வந்தது. அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்பதைத் தம்புசாமி யோசிக்கவில்லை. வார்த்தை எங்கே சொல்லப்பட்டது, யாரிடம் சொல்லப்பட்டது, சொல்லத்தான் பட்டதா என்பதைப் பார்த்தவர் யாரும் கிடையாது. ஆனாலும் வார்த்தை இல்லாமல் அரசாங்கத்தில் ஒரு துரும்பும் நகராது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

ஓட்டுப் போடுவதிலும் இருந்தது. பொதுத்தேர்தல் நாளன்று கட்சி அனுப்பும் காரில்தான் போவார். வாக்குச்சாவடியில் குமாஸ்தா பெயரையும் எண்ணையும் சத்தமாகப் படிப்பார். கையில் தரும் சீட்டிலும் ஓர் எண் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடாதா? அதனால் மறைப்பு அட்டைக்குப் பின்னால் நின்றாலும் சீட்டைக் கொஞ்சம் திறந்த மாதிரியே வைத்துக்கொண்டு குறி போடுவார். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

"அப்பா, அது ரகசிய ஓட்டு" என்பாள் சந்திரகலா.

"ரகசியம்னா நம்பரு எதுக்கும்மா?"

"கள்ளச் சீட்டு வந்து கலந்துடக் கூடாதுன்னு."

"அப்படித்தான் சொல்வாங்க."

எண்பத்தொன்பதில் சாலையை அகலப்படுத்தும் வேலை துறைமுகப் பக்கம் வந்தது. முனீஸ்வரன் கோயில் நின்ற இடம் வேண்டும் என்றார்கள். பதிலுக்கு உள்ளே தள்ளி வேறொரு நிலம் கிடைக்கும் என்றார்கள். அதை ஏற்றுக்கொள்ளத் தீர்மானம் போட வேண்டும் என்று கூட்டம் கூட்டினார்கள்.

இந்த முறை சில விஷயங்கள் தம்புசாமிக்குச் சரியாகப் படவில்லை. எப்போதும் கோயில் வாசலில் தொங்கும் அறிவிப்பு, இந்த முறை சமையல் கொட்டகைக் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருந்தது. வழக்கமாகக் கூட்டத்துக்கு வடையும் கோப்பியும்தான். இந்த முறை இலை போட்டுச் சாப்பாடு என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேல், ராதாகிருஷ்ணன் காரைவிட்டு இறங்கினார். சனிக்கிழமை காலை, கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பசியாறிட்டீங்களாண்ணே?"

"ஆச்சு. நீங்க?"

"எங்கண்ணே நேரம். நேத்துத்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் போயிட்டு வந்தேன். நம்ம பாப்பா விஷயமாத்தான். ஆசிரியர் பயிற்சிக் காலேஜுக்குப் பரீட்ச எழுதிருக்குல்ல? ஆளப் பாத்து ஒரு வார்த்த போட்டுருக்கேன். ஆயிரக்கணக்குல எழுதுறாங்க, அண்ணே. வார்த்த இல்லாம ஒண்ணும் நடக்காது."

அடுப்படியிலிருந்து பவுனம்மாள் எட்டிப் பார்த்தாள். அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து வருடமாகத் தற்காலிகமாகவே இருக்கும் மகள். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் அடுத்த ஆண்டு கூப்பிடுவார்களா என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

"நாளைக்கு மீட்டிங் நல்லபடியா முடியட்டும். அப்புறம் மறுபடி ஒரு நட போயிட்டு வரேன்" என்றார் ராதாகிருஷ்ணன்.

தம்புசாமி தலையாட்டிவிட்டு, என்ன தோன்றியதோ, "அந்தப் புது நிலம் கோயில் பேர்லதானே இருக்கும்?" என்று கேட்டார்.

ஆரஞ்சுப் பையைத் தள்ளி வைத்த ராதாகிருஷ்ணனின் கை கொஞ்ச நேரம் பையிலேயே இருந்தது. "என்னண்ணே, புதுசா கேள்வியெல்லாம். இப்பத்திக்கு மூணு பேரு பேர்ல இருக்கும். நானு, நம்ம பக்கிரி, எங்க மச்சான். கோயில் பேர்ல போடணும்னா ஆபீஸ்ல இழுத்தடிப்பான். அப்புறம் மாத்திக்கலாம் லா."

"அப்புறம்னா?"

"அப்புறம்தான்." சிரித்துக்கொண்டே எழுந்தார்.

கார் போனதும் பவுனம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். "அந்தக் கேள்விய எதுக்குக் கேட்டீங்க?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற ஆளா நீங்க? யாரு கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

அவள் நம்பவில்லை. மகள் விஷயம் முடிகிறவரைக்கும் வாயைத் திறக்க வேண்டாம் என்றாள். பிறகு, வழிமொழிய மட்டும் திறந்தால் போதும் என்று திருத்திச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். சமையல் கொட்டகையிலிருந்து சாம்பார் மணம் வந்துகொண்டிருந்தது. செயலாளர் பக்கிரிசாமி தீர்மானத்தை வேகமாகப் படித்தார். "மூவர் பெயரில்" என்ற இடம் வந்தபோது இன்னும் வேகமாகப் படித்தார். ராதாகிருஷ்ணனின் மச்சான் எழுந்து முன்மொழிந்தார்.

அடுத்து தம்புசாமியின் முறை. அவருடைய வலது கை முழங்காலின் மேல் இருந்தது. அந்தக் கையை அவர் பார்த்தார். அது உயர்ந்தால் நிலம் மூன்று பேருக்கு. உயராவிட்டால் சந்திரகலாவுக்காகச் சொன்ன வார்த்தை போய்விடும். தலைக்கு மேல் காற்றாடி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். நாளைக்கு அவர்கள் பிள்ளைகள் வந்து இது எங்கள் அப்பன் நிலம் என்றால்? அந்தத் தீர்மானத்தை யார் வழிமொழிந்தது என்று கேட்டால்?

கை உயரவில்லை. உயராததை யாரும் பார்க்கவும் இல்லை. ராதாகிருஷ்ணன் பின்வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அண்ணன் தம்புசாமி வழிமொழிய, தீர்மானம் ஏகமனதா..." என்று ஆரம்பித்துவிட்டார். கூட்டம் கைதட்டத் தொடங்கியது.

தம்புசாமி எழுந்தார். அவர் எழுந்ததைக் கண்டதும் கைதட்டல் பலத்தது.

"நான் வழிமொழியல" என்றார்.

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். தட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"என்னண்ணே?" என்றார் ராதாகிருஷ்ணன்.

"நான் கையத் தூக்கல. நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டீங்க."

"சரி, அதுக்கென்ன? இப்பத் தூக்குங்க." இன்னும் சிலர் சிரித்தார்கள்.

"கோயில் பேர்ல நிலம்னு எழுதுங்க. தூக்குறேன்."

ராதாகிருஷ்ணன் அவரைப் பார்த்தார். பார்வை அவரிடமிருந்து விலகி, தூணோரம் உட்கார்ந்திருந்த ரெங்கசாமியிடம் போய் நின்றது. ரெங்கசாமி போன கோயில் தலைவர் தேர்தலில் ராதாகிருஷ்ணனிடம் தோற்றவர். கூட்டத்தின் தலைகளும் ஒருமிக்க அந்தப் பக்கம் திரும்பின. ரெங்கசாமி ஒன்றும் புரியாமல் விழித்தார். விழித்ததே நடிப்பு என்று அப்போதே பலர் முடிவு செய்துவிட்டார்கள்.

"பரவால்ல. வேற யாராவது வழிமொழிங்க" என்றார் ராதாகிருஷ்ணன்.

யாரும் அசையவில்லை. தீர்மானத்தை எதிர்க்கிறவர்கள் அந்த மண்டபத்தில் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. ஆனால் வழிமொழிவது தம்புசாமியின் வேலை. அவரே மறுக்கிறார் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. தூக்கிய கை நாளைக்கு யாருக்கு நினைவிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தலையைச் சொறியக் கையை உயர்த்திய ஒருவர், அதைக் கணக்கில் எடுத்துவிடுவார்களோ என்று சட்டென்று இறக்கிக்கொண்டார்.

தீர்மானம் அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. இலை போட்டார்கள். தம்புசாமியின் இரு பக்கமும் இலைகள் காலியாகவே இருந்தன. பரிமாறுகிறவர் மட்டும் வந்து, முகத்தைப் பார்க்காமல், சாம்பார் ஊற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் துறைமுக வாசல் ஒட்டுக்கடையில் பக்கிரிசாமி அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். கோப்பியைக் கலக்கியபடி மெல்லக் கேட்டார்.

"நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். யாருண்ணே சொல்லிக் கொடுத்தா?"

"எதை?"

"அட, கோயில் பேர்ல எழுதுன்னு."

"நானாத்தான் சொன்னேன்."

பக்கிரிசாமி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை பொய் சொன்னால் பெரியவர்கள் சிரிக்கும் சிரிப்பு. "சரி, சொல்ல வேணாம். என்ன குடுத்தாங்க, அதையாவது சொல்லுங்க."

ரெங்கசாமி இன்னொரு நாள் கொடவுன் பக்கமாகவே வந்துவிட்டார். "பின்னிட்டீங்கண்ணே. நம்ம பக்கம் ஒருநாள் வருவீங்கன்னு எனக்குத் தெரியும் லா. அடுத்த வருஷம் என் பேர முன்மொழிய ஆளு ரெடி. நீங்க வழிமொழிஞ்சிடுங்க."

"நான் ஒங்க பக்கம் இல்ல."

"வெளிய அப்படித்தான் சொல்லணும்" என்று கண்ணடித்தார் ரெங்கசாமி.

தம்புசாமி ஒவ்வொருவரிடமும் நானாகத்தான் சொன்னேன் என்றார். சொல்லச் சொல்ல அது அவருக்கே நம்பும்படியாக இல்லை. ஃபோர்க்லிஃப்ட்டைப் பின்னுக்கு எடுக்கும்போது திரும்பிப் பார்ப்பதுபோல அந்த நாட்களைத் திரும்பிப் பார்த்தார். ரெங்கசாமி எப்போதாவது கடையில் நிலத்தைப் பற்றிப் பேசி, அது தம் காதில் விழுந்திருக்குமோ? மகள் ஏதாவது படித்துக் காட்டினாளோ? ஒரு மனிதனுக்கு ஒரு நினைப்பு தானாகவே வருமா? இத்தனை வருடத்தில் அவருக்கு வந்ததில்லை. அதனால் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டில் பவுனம்மாள் தேவைக்கு மட்டும் பேசினாள். ஆரஞ்சுப் பழங்களை யாரும் தொடவில்லை. அவை தட்டிலேயே சுருங்கின. சந்திரகலா மட்டும் எப்போதும்போல இருந்தாள். கூட்டம் நடந்த அன்று மாலை, "மண்டபத்துல எல்லாரும் இருக்கும்போதேவா சொன்னீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். "ம்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததும் அவருக்கு உறுத்தியது. மனதுக்குள் திட்டுகிறாளோ என்று.

சில வாரங்கள் கழித்து ஒரு பிற்பகல் அவள் பள்ளியிலிருந்து பஸ்ஸில் இறங்கி வேகமாக நடந்து வந்தாள். தலைமையாசிரியருக்குத் தொலைபேசியில் செய்தி வந்திருந்தது. பயிற்சிக் கல்லூரிக்கு அவளை எடுத்துவிட்டார்கள். பவுனம்மாள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினாள். தம்புசாமி வாசலில் நின்று, "எடுத்துட்டாங்களா? நெசமாவா? பேரு சரியா இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மறுநாள் காலையே ராதாகிருஷ்ணனின் கார் வந்தது. இந்த முறையும் இறங்கினார்.

"நான் மனசுல வச்சுக்குற ஆளு இல்லண்ணே. மீட்டிங்ல நீங்க அப்படிப் பண்ணிட்டீங்க. ஆனா பாப்பாவுக்குச் சொன்ன வார்த்தய நான் திருப்பி வாங்கல. பாத்தீங்கல்ல?"

பவுனம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அடுத்த வாரம் மறுபடி கூட்டம். யோசிச்சுப் பாத்தேன். மூணு பேரோட நாலாவதா ஒங்க பேரையும் போட்டுரலாம். அப்ப ஒங்களுக்குச் சந்தேகமே இருக்காதுல்ல?"

"என் பேரு வேணாம். கோயில் பேரப் போடுங்க."

ராதாகிருஷ்ணன் பெருமூச்சு விட்டார். "ரெங்கசாமி நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கான்" என்று பவுனம்மாளைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அன்றைக்கே ஒட்டுக்கடையில் ரெங்கசாமி அவரைப் பிடித்துக்கொண்டார். "சந்தோஷமாண்ணே? ஷா ஆலம் கல்வி ஆபீஸ்ல நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான். ராதா கை வைக்கிறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். நமக்காக நிக்கிறவங்கள நாம விட்டுருவமா?"

தம்புசாமி வேலை முடிந்து நடந்தே வீட்டுக்கு வந்தார். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்று வழி முழுக்க யோசித்தார். ராதாகிருஷ்ணன் என்றால், தம்மை எதிர்த்தவனுக்கு எதற்காக உதவ வேண்டும்? ரெங்கசாமி என்றால், அவருக்கு ஷா ஆலமில் அவ்வளவு செல்வாக்கு ஏது? இரண்டும் பொருந்தவில்லை. அப்படியானால் மூன்றாவதாக ஒருவர் இருக்க வேண்டும். தலைமையாசிரியரா? அவருக்கு யார் சொன்னது?

வீட்டில் சந்திரகலா மேசையில் மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குப் போகும்வரை வகுப்பு அவளுடையதுதான். தம்புசாமி எதிரே உட்கார்ந்தார். மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏம்மா, காலேஜ் விஷயமா நீ யார்கிட்டயாவது சொல்லி வச்சிருந்தியா?"

சிவப்புப் பேனா நின்றது. "எதுக்குப்பா?"

"இல்ல, எடுத்துருக்காங்களே. அவரு நான்தாங்கறாரு. இவரும் நான்தாங்கறாரு. யாரோ ஒருத்தங்க சொல்லித்தானே இருக்கணும்."

"நான் பரீட்ச எழுதுனேம்பா."

"எழுதுன, சரி. எல்லாரும்தான் எழுதுறாங்க. அதுக்கு மேல யாராச்சும்..."

சந்திரகலா பேனாவை மூடினாள். அவள் குரல் உயரவில்லை.

"மீட்டிங்ல நீங்க எந்திரிச்சு நின்னதுக்கு அப்புறம், யாரு சொல்லிக் கொடுத்தான்னு ஊரே கேட்டுச்சு. அம்மாகூட கேட்டாங்க. நான் கேட்டனாப்பா?"

தம்புசாமி தலையைக் குனிந்துகொண்டார். "கேக்கல" என்றார்.

"ஏன் கேக்கலன்னு நினைக்கிறீங்க?"

சந்திரகலா சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்து அடுத்ததைத் திருத்தத் தொடங்கினாள். தட்டில் சுருங்கிக் கிடந்த பழங்களை எடுத்துக்கொண்டு தம்புசாமி எழுந்தார். வாசல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அங்கேயே நின்றார்.

நன்றாகத்தான் எழுதியிருப்பாள். சின்ன வயதிலிருந்தே நன்றாக எழுதுகிற பிள்ளை. உள்ளே போய் அவளிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். நீயாகத்தான் வாங்கினாய் என்று ஒரு வார்த்தை. மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் வந்த வாய் இதற்கு வராதா என்ன?

கதவுவரை போனார். திருத்திக்கொண்டிருந்த மகளின் குனிந்த தலை தெரிந்தது. வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, அந்தத் தலைமையாசிரியர் எந்தக் கட்சி என்ற நினைப்பு, யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானாகவே வந்து நின்றது.